வீட்டோடு விற்கப்படும் தடாகம்: வேலியும் வேண்டும், பத்திரமும் வேண்டும்



பிரிஸ்பேன் நகரில் வசிக்கும் என் ராத்தாவின் மகன் சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். பல வருடங்களாகக் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போக முடிவு செய்திருந்தார். அந்த வீட்டின் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம். வீட்டைப் பார்த்து விலை பேசியவர்கள் ஓர் இளம் தம்பதியினர். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள்.

"மாமா, பூல் வேலி பழசு. கேட் சரியாப் பூட்டுதில்ல. சரிப்படுத்தப் போனா செலவு. சர்டிபிகேட் இல்ல எண்டு ஒரு ஃபோம் எழுதிக் குடுத்தா, மிச்சத்த வாங்குறவர் பார்த்துக்கொள்ளுவார் எண்டு இங்க ஒருத்தர் சொல்றார். என்ன செய்ற?"

முப்பது வருடம் கடை நடத்தியவன் நான். கைக்கு வந்த வியாபாரத்தை நழுவ விடக்கூடாது என்பதுதான் முதலில் மனதில் வரும். யோசிக்காமலே சொன்னேன்: "சட்டமே இடம் குடுத்திருந்தா பிறகென்ன மகன்? எழுதிக் குடுத்திட்டு வித்துடுங்க."

நான் சொன்னது பிழை. சட்டப்படி பாதி பிழை, மார்க்கப்படி பார்த்தால் அதைவிடக் கூடுதல் பிழை. எங்கே பிழைத்தேன் என்பதைச் சொல்வதுதான் இவ்வாரப் பாடம். நம் வாசகர்களில் பலருக்கு சிட்னியிலும் மெல்பேர்னிலும் பிரிஸ்பேனிலும் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் இங்குள்ள பெரியவர்களிடம் அவர்கள் ஒரு வார்த்தை கேட்பார்கள். தெரியாமல் ஆலோசனை சொல்லும் மாமாமாரின் வரிசை என்னோடு முடியட்டும்.

சட்டம் ஏன் வந்தது?

அவுஸ்திரேலியாவில் வீட்டு வளவிலேயே நீச்சல் தடாகம் வைத்திருப்பது பெரிய செல்வந்தர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. வெப்பமான குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் அதைக் காணலாம். தடாகம் இருக்கும் வீட்டில் மிகப் பெரிய ஆபத்து ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான். நடக்கத் தெரியும், தண்ணீரைக் கண்டால் ஆசை வரும், ஆனால் நீந்தத் தெரியாது. விழுந்தால் பெரும்பாலும் சத்தமும் வராது. உம்மா அடுப்படிக்குள் போய் வரும் நேரம் போதும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என்றும், அவர்களில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இதனால் குயின்ஸ்லாந்து அரசு 1991ஆம் ஆண்டிலேயே தடாகங்களுக்கு வேலி வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஆனால் வேலி கட்டுவது ஒரு நாள் வேலை, அதை வருடக்கணக்கில் நல்ல நிலையில் வைத்திருப்பது வேறு வேலை. ஸ்பிரிங் தளரும், பலகை உக்கும், மழை மண்ணைக் கரைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

அங்கேதான் சட்டம் எழுதியவர்கள் ஒரு வியாபாரியைப் போல யோசித்திருக்கிறார்கள். மனிதன் தன் வீட்டை எப்போது ஊன்றிக் கவனிப்பான்? விற்கும்போது. எப்போது கையில் பணம் புரளும்? அதுவும் விற்கும்போது. ஆகவே சோதனையை விற்பனையோடு கட்டிவிட்டார்கள். 2010 டிசம்பர் 1ஆம் திகதி முதல், தடாகமுள்ள வீட்டை விற்கும்போதோ வாடகைக்குக் கொடுக்கும்போதோ தடாகப் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய கேள்வி எழும்படி சட்டம் வந்தது. பழைய தடாகங்கள் எல்லாம் ஒரே தரத்துக்கு வருவதற்கு 2015 நவம்பர் 30 வரை அவகாசம் தரப்பட்டது. அதற்கு முன் விற்றால் அல்லது வாடகைக்குக் கொடுத்தால் அப்போதே தரத்துக்கு வர வேண்டும். 30 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக நீர் கொள்ளக்கூடிய நீச்சல் தடாகம் எதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். கடையில் வாங்கி முற்றத்தில் காற்றடித்து வைக்கும் தடாகமும் அந்த ஆழம் இருந்தால் தப்பாது.

மூன்று படிவங்கள்

குயின்ஸ்லாந்தில் வீடு விற்பவர் அறிந்திருக்க வேண்டிய படிவங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது படிவம் 23. இதுதான் தடாகப் பாதுகாப்புச் சான்றிதழ். மாநிலத்தின் கட்டிட மற்றும் நிர்மாண ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற பரிசோதகர் நேரில் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் வழங்குவது. தனி வீட்டின் தடாகத்துக்கு இது 2 வருடம் செல்லுபடியாகும். தொடர்மாடி வீடுகளில் பலர் சேர்ந்து பாவிக்கும் தடாகத்துக்கு 1 வருடம் மட்டுமே.

இரண்டாவது படிவம் 36. சான்றிதழ் இல்லை என்று விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் அறிவித்தல். ஒப்பந்தத்தில் கைச்சாத்திடுவதற்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். விற்பனை முடிவதற்கு முன் அதன் பிரதி ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். இப்படி வாங்கியவர், வீடு தன் பெயருக்கு வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தன் செலவில் தடாகத்தைச் சரிசெய்து சான்றிதழ் பெற வேண்டும். மருமகனிடம் யாரோ சொன்ன 'ஃபோம்' இதுதான்.

மூன்றாவது படிவம் 2. இது புதியது. 2023ஆம் ஆண்டின் ஆதனச் சட்டம் 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்து வந்தது. வீடு விற்பவர் தன் ஆதனத்தைப் பற்றிய விபரங்களை இந்தப் படிவத்தில் எழுதி, தேவையான சான்றிதழ்களையும் இணைத்து, வாங்குபவர் கைச்சாத்திடும் முன் கொடுக்க வேண்டும். தடாகம் இருந்தால் சான்றிதழையோ, சான்றிதழ் இல்லை என்ற அறிவித்தலையோ இணைக்க வேண்டும். கொடுக்காமல் விட்டாலோ, முக்கியமான விடயத்தில் பிழையாகக் கொடுத்தாலோ, விற்பனை முடியும் முன் வாங்குபவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறும் வாய்ப்பு உண்டு. ஒரு தாள் குறைந்ததால் முழு வியாபாரமும் கைநழுவலாம்.

வாடகைக்குக் கொடுப்பவருக்குச் சட்டம் இன்னும் கடுமை. தனி வீட்டுத் தடாகம் என்றால், வாடகை ஒப்பந்தம் எழுதும் முன்னரே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு விட முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

பரிசோதகர் எதைப் பார்க்கிறார்?

தண்ணீர் சுத்தமா, மோட்டார் ஓடுகிறதா என்பதெல்லாம் அவருடைய வேலையல்ல. ஒரு சின்னப் பிள்ளை பெரியவர் துணையின்றித் தண்ணீரிடம் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது.

வேலி நிலத்திலிருந்து குறைந்தது 1.2 மீற்றர் உயரம் இருக்க வேண்டும். வேலியின் அடியில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. பிள்ளை ஊர்ந்து போகும் அளவு அது. வேலிக் கம்பிகளுக்கு இடையிலும் அதே கணக்கு. வேலிக்கு அருகே 90 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் ஏறி மிதிக்க உதவும் எதுவும் இருக்கக்கூடாது. பூச்சாடி, கதிரை, மோட்டார் பெட்டி, தாழ்ந்த மரக்கிளை எல்லாம் இதற்குள் அடங்கும். அயல் வீட்டு எல்லை வேலியையே தடாக வேலியாகப் பாவித்தால் உள்பக்கத்தில் 1.8 மீற்றர் உயரமும், அதன் மேற்பகுதியில் 90 சென்ரிமீற்றர் ஏற முடியாத பரப்பும் வேண்டும்.

வேலிக் கதவு தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாக வெளியே திறக்க வேண்டும். கையை விட்டால் தானாகச் சாத்தி, தானாகவே கொக்கி விழ வேண்டும். பாதி திறந்து விட்டாலும் அப்படித்தான். கொக்கி பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், அல்லது மறைப்புடன் இருக்க வேண்டும். வீட்டின் யன்னல் தடாகப் பக்கம் திறந்தால் அது 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி செய்ய வேண்டும், அல்லது உறுதியான வலைச் சட்டம் பொருத்த வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து நேராகத் தடாகத்துக்குப் போகும் கதவுக்கு இடமில்லை. வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையிலும் வேலி வேண்டும். வீட்டுச் சுவரையே நாலாவது பக்கமாக வைத்து மூன்று பக்கம் மட்டும் அடைப்பதைவிட, நாலு பக்கமும் வேலி போடுவதே கூடுதல் பாதுகாப்பு. காரணம், பிள்ளை இருப்பது வீட்டுக்குள்தானே?

கடைசியாக, மூழ்கியவருக்கு மூச்சும் நெஞ்சழுத்தமும் கொடுக்கும் முதலுதவி முறையை விளக்கும் பலகை தடாகத்தருகே கண்ணுக்குப் படும்படி மாட்டப்பட வேண்டும். இந்தப் பலகை இல்லாததாலேயே சோதனையில் தோற்பவர்களும் உண்டு.

சோதனையில் தோற்றால்?

பயப்பட ஒன்றுமில்லை. என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று பரிசோதகர் படிவம் 26இல் எழுதித் தருவார். மூன்று மாதத்துக்குள் குறைகளைச் சரிசெய்து, அதே பரிசோதகரை மீண்டும் அழைக்க வேண்டும். இவர் சரியில்லை என்று இன்னொருவரைத் தேடிப் போகும் நம் பழைய பழக்கம் இங்கே சரிவராது. மூன்று மாதத்துக்குள் அழைக்காவிட்டால் அவர் உள்ளூராட்சி சபைக்கு அறிவித்துவிடுவார்.

ஆகவே விற்பனைப் பலகை மாட்டும் முன்னரே பரிசோதகரை அழைப்பதுதான் புத்தி. வாங்குபவர் வந்து நிற்கும்போது அவசரத்தில் செய்யும் வேலைக்கு எப்போதும் இரட்டைச் செலவு. அதற்கும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, மீற்றர் நாடாவோடு நீங்களே வேலியைச் சுற்றி வாருங்கள். பெரும்பாலான குறைகள் கண்ணுக்குத் தெரிபவைதான்.

நான் பிழைத்த இடம்

படிவம் 36 கொடுத்தால் விற்பவரின் பொறுப்பு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். ஒரு சட்டத்தரணி நண்பர் சொல்லித்தான் விளங்கியது. அந்தப் படிவம் சொல்வது ஒன்றே ஒன்று: 'என்னிடம் சான்றிதழ் இல்லை.' வேலி உடைந்து கிடக்கலாம் என்று அது அனுமதி கொடுக்கவில்லை. 2015 நவம்பர் 30க்குப் பிறகு குயின்ஸ்லாந்தில் ஒவ்வொரு தடாகமும், விற்றாலும் விற்காவிட்டாலும், எல்லா நாளும் தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். கொக்கி விழாத கதவோடு நேற்றுவரை குடியிருந்தது மருமகனின் குற்றம். இன்று அதை அப்படியே கைமாற்றினால் நாளை முதல் அது வாங்கியவரின் குற்றம். படிவம் குற்றத்தைக் கழுவவில்லை, ஆளை மட்டும் மாற்றியது.

இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் என் ராத்தா. எழுதப் படிக்கக் கொஞ்சமே தெரிந்தவர். மகனோடு பேசிவிட்டு என்னை அழைத்தார். "தொண்ணூறு நாள் டைம் இருக்காமே தம்பி. அந்தத் தொண்ணூறு நாளும் அந்தப் புள்ள எங்க இருக்கும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

வாடகைக்குக் கொடுப்பவருக்கு இந்த 90 நாள் சலுகை ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். வாடகைக்கு வருபவர் பிறர் வேலியை உடைத்துத் திருத்த முடியாது. வாங்குபவருக்கு அது முடியும் என்பதால் சட்டம் அவருக்கு நாள் கொடுத்தது. திருத்த அவகாசம் கொடுத்ததே தவிர, ஆபத்துக்கு விடுமுறை கொடுக்கவில்லை.

வாங்குபவர் கவனிக்க

சான்றிதழ் இருக்கிறதா என்று விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஆணைக்குழுவின் தடாகப் பதிவேட்டில் வீட்டு முகவரியைக் கொடுத்துத் தேடலாம். எத்தனையாம் திகதி வரை செல்லுபடியாகும் என்பதையும் பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் வாங்குவதாக இருந்தால், கைச்சாத்திடும் முன்னரே ஒரு பரிசோதகரைக் கொண்டு பார்த்து, திருத்தச் செலவை விலையிலிருந்து பேசிக் குறையுங்கள். வீட்டுக்குக் குடிபோகும் அன்றே திருத்த வேலையைத் தொடங்குங்கள். 90ஆம் நாளை எதிர்பார்த்திருப்பது புத்தியல்ல.

இன்னொன்று. சான்றிதழ் பேசுவது பரிசோதகர் வந்த நாளைப் பற்றி மட்டுமே. அடுத்த நாள் யாராவது ஒரு கதிரையை வேலியோரம் இழுத்துப் போட்டால் அந்தத் தாளால் ஒன்றும் செய்ய முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு

மேலே சொன்னது குயின்ஸ்லாந்துச் சட்டம். அதை அப்படியே சிட்னியில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸில் 1992ஆம் ஆண்டின் நீச்சல் தடாகச் சட்டம் உண்டு. அங்கே தடாகத்தை அரச பதிவேட்டில் பதிய வேண்டும். 2016 ஏப்ரல் 29 முதல் தடாகமுள்ள வீட்டின் விற்பனை ஒப்பந்தத்தோடு தரத்துக்கு ஏற்றது என்ற சான்றிதழையோ, ஏற்றதல்ல என்ற சான்றிதழையோ இணைக்க வேண்டும். புதிய தடாகம் என்றால் அதற்குரிய குடியிருப்புச் சான்றிதழை இணைக்கலாம். 'ஏற்றதல்ல' என்ற தாளோடு வாங்கியவருக்கு அங்கும் 90 நாட்கள். ஏற்றது என்ற சான்றிதழ் 3 வருடம் செல்லும். இங்கே ஒரு நுட்பமான வித்தியாசம்: குயின்ஸ்லாந்தில் 'சான்றிதழ் இல்லை' என்று சொன்னால் போதும். நியூ சவுத் வேல்ஸில் பரிசோதகர் வந்து, குறை என்னவென்று எழுதிய தாளே வாங்குபவர் கைக்குப் போகிறது. என் பார்வையில் இதுவே நேர்மையான முறை.

மெல்பேர்ன் அமைந்துள்ள விக்டோரியாவில் வேறொரு வழி. 2019 டிசம்பரில் வந்த விதிகளின்படி தடாகத்தை உள்ளூராட்சி சபையில் பதிந்து, 4 வருடத்துக்கு ஒருமுறை வேலிச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். அங்கே கணக்கு விற்பனையை வைத்தல்ல, வருடத்தை வைத்து ஓடுகிறது. ஆகவே வீடு வாங்குபவர், அடுத்த சான்றிதழ் எப்போது கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

எந்த மாநிலமானாலும் இறுதி வார்த்தை அங்குள்ள சட்டத்தரணியுடையதாக இருக்கட்டும். கேள்வியைத் தெரிந்துகொண்டு அவரிடம் போவதற்கே இந்தக் கட்டுரை.

ஈரத் தானியம்

நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சாராதவர் என்று எச்சரித்தார்கள்.

படிவம் 36 என்பது ஈரத்தை மேலே வைப்பதுதான். குறையை மறைக்காமல் சொல்லி விற்றால் விற்பனை செல்லும். அந்த வகையில் அந்தப் படிவத்தைக் கொடுப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். திருத்த வசதி இல்லாதவர்களும் இருப்பார்கள். ஆனால் நனைந்த தானியத்தை வாங்கியவருக்குப் பண நட்டம் மட்டுமே. கொக்கி விழாத கதவை வாங்கியவருக்கு நட்டம் எதுவென்று யோசித்துப் பாருங்கள். நீக்கக் கூடிய தீங்கை நீக்கிவிடுவது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. சில நூறு டொலரில் நீங்கும் தீங்கைச் சொல்லிவிட்டு மட்டும் நகர்வது, வசதியுள்ள ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு அழகல்ல.

இங்கேயும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தக் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா என்று எழுதிய உறுதி ஒன்றையேனும் நான் கண்டதில்லை. அடுத்த முறை வளவு விற்கும்போதோ, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போதோ, உறுதி எழுதும் முன் கிணற்றடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

மருமகன் கடைசியில் பரிசோதகரை அழைத்தார். கதவின் பிணைச்சலும் கொக்கியும் மாற்றப்பட்டன. வேலியோரம் இருந்த மோட்டார் பெட்டி இடம் மாறியது. முதலுதவிப் பலகை மாட்டப்பட்டது. இரண்டாவது சோதனையில் படிவம் 23 கிடைத்தது. பேசிய விலைக்கே வீடு போனது. கடைசியாக வீடு பார்க்க வந்த அன்று அந்தச் சிறுமி வேலிக் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாளாம். அது திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வாரப் பாடம் சுருக்கமாக:

1. விற்பனைப் பலகைக்கு முன் பரிசோதகர். முதலில் நீங்களே அளந்து பாருங்கள்.

2. சான்றிதழையோ அறிவித்தலையோ, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்னரே கொடுங்கள். பிந்தினால் வியாபாரம் முறியலாம்.

3. சான்றிதழ் இல்லை என்ற படிவம் உடைந்த வேலிக்கு மன்னிப்பு அல்ல.

4. வாங்குபவர் பதிவேட்டைப் பார்க்கட்டும், திருத்தச் செலவை விலையில் பேசட்டும், முதல் நாளே வேலையைத் தொடங்கட்டும்.

5. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அங்குள்ள சட்டத்தரணியைக் கேளுங்கள், இங்குள்ள மாமாவை அல்ல.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரகத் செய்வானாக. நாம் விற்ற எந்தப் பொருளாலும் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு வராமல் காப்பானாக. ஆமீன்.